கூலி டீம்

கோடைக்கானலில் சீசன் என்றால் வெளியூர்க்காரர்கள் வந்து குவியும் ஏப்ரல், மே. எங்கள் சீசன் அவர்கள் பெட்டி கட்டிக் கீழே இறங்கிய பிறகுதான் தொடங்கும். படகுகள் ஏரிக்கரையில் சும்மா கிடக்கும், ஓட்டல்களில் பாதி அறைகளுக்குப் பூட்டு விழும். அதற்கப்புறம் சனிக்கிழமை மதியங்களில் மைதானம் எங்களுடையது. அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே ஐந்து அணிகள் ஆடிய ஒரு ஃபுட்பால் லீக் இருந்தது. இன்றைக்கு யாருக்கும் அது நினைவில்லை. எனக்கு இருக்கிறது, அது போதும்.

ஐந்து அணிகளிலும் ஆடியவர்களுக்குச் சம்பளம் உண்டு. கிளப் அணி அதை அலவன்ஸ் என்றது. பழனியிலிருந்து வந்த பஸ் கம்பெனி அணி பேட்டா என்றது. எங்களை ஆடவைத்தவர் காய்கறி மண்டி வைத்திருந்த ராவுத்தர். வாரம் முழுக்க மூட்டை தூக்கி லாரியில் ஏற்றினோம், சனிக்கிழமை பந்து ஆடினோம். இரண்டுக்கும் சேர்த்து அவர் கொடுத்ததை நாங்கள் கூலி என்றே சொன்னோம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் லீக் செக்ரட்டரி எங்களைக் 'கூலி டீம்' என்றார். அவர் கிளப் ஆள், பங்களாக்காரர், மடிப்புக் கலையாத கோட்டு. ஆட்டம் தொடங்குமுன் ஒரு தகரக் குழலை வாயில் வைத்து அணிகளின் பெயர்களை அறிவிப்பது அவர் வேலை. எங்கள் முறை வரும்போது மட்டும் குழலை இறக்கிவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம், "அப்புறம் இந்தக் கூலி டீம்" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கோல்கீப்பர். வில்பட்டிக்காரன். கோல்கீப்பருக்கு எதிரி பந்து என்பார்கள். எங்கள் ஊரில் மேகம்தான். அது இறங்கிவிட்டால் எதிர்க் கோலை விடுங்கள், எனக்கு முன்னால் நிற்கும் எங்கள் ஆளின் முதுகே தெரியாது.

அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். மண்டிக்குள் நுழைந்தால் இடது வரிசை பீன்ஸ், வலது வரிசை கேரட், நேரே போனால் பூண்டு அறை. மேகம் மண்டிக்குள்ளேயே புகுந்துவிடும் நாட்களில் மூட்டையோடு வருகிறவன் எந்த வரிசையில் வருகிறான் என்று கத்திக்கொண்டே வருவான். இல்லாவிட்டால் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதையே மைதானத்துக்கும் கொண்டுபோனோம். பந்து எங்களுக்கு இடப்பக்கம் போனால் பீன்ஸ், வலப்பக்கம் கேரட், என் கோலுக்கு நேரே வந்தால் பூண்டு. முதல் இரண்டு ஆட்டங்களும் மேகத்தில்தான் நடந்தன. இரண்டிலும் ஜெயித்தோம்.

செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இது கிரவுண்டு, மார்க்கெட் இல்ல. கத்தறது ஜென்டில்மேன் செய்யற காரியம் இல்ல. இனிமே உங்க ஆள்ல ஒருத்தன் வாயைத் திறந்தாலும் ஃபவுல்."

கிளப்காரர்கள் மைதானம் முழுக்க "பாஸ், பாஸ்" என்று கத்தியது அவர் காதில் விழவில்லை. இங்கிலீஷில் கத்தினால் அது சத்தத்தில் சேராது போலிருக்கிறது.

வாயை மூடிக்கொண்டு ஆடினோம். அடுத்தடுத்துத் தோற்றோம். வலையில் விழுந்த பிறகுதான் பந்து வந்ததே எனக்குத் தெரிந்தது. அந்த வருஷம் கடைசியாக வரும் அணிக்கு அடுத்த வருஷம் இடமில்லை என்று வேறு முடிவு செய்திருந்தார்கள். மிஞ்சியிருந்தது ஒரே ஆட்டம், கிளப் அணியோடு. ஜெயித்தால்தான் தப்பிப்போம்.

ராவுத்தர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். "ஏலே, ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. ஆனா லீக்க விட்டுத் தூக்கிட்டாங்கன்னா நான் என்ன செய்ய? மூட்ட தூக்க நாலு பேரு போதும். மிச்ச ஆளுகளுக்கு சோலி எங்கிட்டு இருக்கு?"

அந்த நாலு பேரில் நான் இருக்க மாட்டேன். எனக்குக் கை நீளம், தோள் சின்னது. பந்து போனால் திரும்ப வில்பட்டிக்குப் போய் அடுத்தவன் காட்டைக் கொத்த வேண்டும். கொத்துவது கேவலமில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார் என்பதற்காக நான் ஏன் கொத்த வேண்டும்?

அன்று சாயங்காலம் மண்டியில் கேரட் கழுவிக்கொண்டிருந்த பள்ளங்கி ஊர்க்காரி, நாங்கள் பள்ளங்கி அக்கா என்று கூப்பிடுகிறவளிடம் புலம்பினேன். அவள் கையை நிறுத்தவே இல்லை.

"வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஒங்களுக்குத்தான சொன்னாரு? எங்களுக்குமா சொன்னாரு?"

சனிக்கிழமை மண்டிப் பெண்கள் வெள்ளனே வேலையை முடித்துவிட்டுக் கூடையோடு மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். பீன்ஸ்காரிகள் இடப்பக்கக் கோட்டில், கேரட்காரிகள் வலப்பக்கம், பூண்டுக்காரிகள் என் கோல் கம்பத்துக்கு இரு பக்கமும். விசில் ஊதினார்கள். மேகம் வஞ்சகமில்லாமல் இறங்கியது. பந்து தங்கள் பக்கம் வந்ததுமே, "கேரட்டு! கேரட்டேய்!" என்று ஒரு குரல் எடுத்தார்கள் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

செக்ரட்டரி ஓடி வந்தார். "என்ன சத்தம் இங்க?"

"யாவாரம் சாமி" என்றாள் பள்ளங்கி அக்கா. "பிஞ்சுக் கேரட்டு. எடுத்துக்கிறீகளா?"

காய்கறி விற்கக் கூடாது என்று லீக்கில் விதி இல்லை. கிளப் ஆட்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டதுதான். ஆனால் அது பந்தைச் சொல்கிறது என்றோ, பீன்ஸ் என்றால் எந்தப் பக்கம் என்றோ அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் வீட்டில் காய் வாங்க வருவது சமையல்காரர்கள்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. பெண்களும் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு, வரிசையாக மைதானத்தின் நடுவிலேயே நடந்து பக்கம் மாறினார்கள். ஆட்டம் அவர்களுக்காகக் காத்திருந்தது. ஏன் இடம் மாறுகிறீர்கள் என்று செக்ரட்டரி அலறினார்.

"அந்தப் பக்கம் ஒரே வெயிலா அடிக்கு சாமி."

ஆகாயமும் தெரியாத மேகம் அன்றைக்கு.

"பீன்ஸு!" என்று கேட்டது. எங்கள் ஃபார்வர்டு, ஆயக்குடி ஊர்க்காரன், அந்தக் குரலை நோக்கி ஓடிப் பந்தைக் காலில் எடுத்தான். அதற்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை. எதிர்க் கோல் பக்கமிருந்து அவன் போட்ட கூச்சலைக் கேட்டுத்தான் கோல் என்று புரிந்தது. மிச்ச நேரமெல்லாம் கிளப்காரர்கள் எங்கள் மேலேயே விழுந்தார்கள். கடைசியில் என் முதுகுக்குப் பின்னால் ஒரே குரலாய், "பூண்டு! பூண்டு! வெரசா!" கண்ணை நம்பவில்லை. கையை விரித்துப் பாய்ந்தேன். பந்து நெஞ்சில் வந்து இடித்தது. இறுக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் விழுந்தேன். விசில் ஊதிய பிறகும் எழுந்திருக்க மனமில்லை. அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

செக்ரட்டரி என் கையைக் குலுக்கவில்லை. "என்ன இருந்தாலும் கூலிக்கு ஆடறவங்கதானே" என்றார்.

"ஆமாங்க" என்றேன். "வாங்குன கூலிக்கு வேலைய முடிச்சாச்சுங்க."

மறு வருஷம் அணிகளைப் பதிவு செய்யும்போது எங்கள் பெயர் என்ன என்று செக்ரட்டரி கேட்டார். வேறு பெயர் வைக்கச் சொல்லி ராவுத்தர் பணித்திருந்தார். நான் கேட்கவில்லை.

"நீங்க வச்ச பேருதாங்க. கூலி டீம்."

முதல் ஆட்டத்தன்று தகரக் குழலை எடுத்தார். இந்த முறை இறக்க வழியில்லை, பதிவான பெயர். மேகத்துக்குள் பார்த்து, "கூலி டீம்" என்று குழலில் முனகினார்.

கோட்டோரத்திலிருந்து பள்ளங்கி அக்காவின் குரல் வந்தது.

"கேக்கல சாமி! நல்லாக் கத்திச் சொல்லுங்க!"

கத்தினார்.