கற்பூரத்தின் மேல் வைக்காத கை

எங்கள் ஊர் காஜா பெராங்கில் ருக்மணியை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டோம். ஆஸ்பத்திரித் தாதிகளைத்தான் அப்படிக் கூப்பிடுவது வழக்கம். ருக்மணி தாதி இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, ஒரு கறுப்புக் குடை, குடும்பத் திட்டச் சங்கம் கொடுத்த துணிப்பை, அவ்வளவுதான் அவளுடைய தகுதி. மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பிள்ளை உண்டாகாமல் இருக்க மாத்திரை வந்திருக்கிறது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வது அவள் வேலை. முதல் மாதம் எங்கள் வீட்டு வரிசையில் ஒருத்தியும் அவளை உள்ளே விடவில்லை. நான் நாயையே அவிழ்த்து விட்டேன். அடுத்த வாரமும் வந்தாள், நாய்க்கு ஒரு துண்டு ரொட்டியோடு.

புருஷனை இழந்தவள். பிள்ளை கிடையாது. "பெத்துப் பார்க்காதவளுக்கு என்ன தெரியும்?" என்று அவள் காது படவே பேசினோம். அவளுக்குக் கோபமே வராது. அதுவே எனக்கு எரிச்சல். ஆனால் ஒரு குணம் அவளிடம் இருந்தது. தெரிந்ததைச் சொல்வாள், தெரியாததைத் தெரியாது என்பாள். மயக்கம் வருமா என்றால், "முதல் மாசம் வரும், குமட்டும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அந்தக் குணத்துக்காகவே ஒவ்வொருத்தியாக அவளை நம்ப ஆரம்பித்தோம்.

மறக்காமல் இருக்க ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தாள். காலையில் நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது ஒரு மாத்திரையை விழுங்க வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் நாங்கள் தாளைக் கிழித்தால் அதில் போட்டிருப்பதையும் படிப்போமே! அஷ்டமியிலும் நவமியிலும் மருந்து ஆகாது என்று நான் தொடவில்லை. மாதக் கடைசியில் நான்கு மாத்திரை மிச்சம் இருந்ததைப் பார்த்து ருக்மணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன் சுந்தரி, பிள்ளை என்ன அஷ்டமி நவமி பார்த்தா தங்குது?"

சிவகாமசுந்தரி என்ற என் பெயரைச் சுருக்கி உரிமையோடு கூப்பிட்டவள் அந்த வரிசையில் அவள் ஒருத்திதான். அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவள் யாருக்காகவாவது பயந்தாள் என்றால் அது பொன்னம்மாவுக்காகத்தான். என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருந்தவள். மூன்று பிள்ளைகளையும் வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். மூன்றாவது முறை தைத்து அனுப்பும்போதே டாக்டர் தேவதாஸ் அவள் புருஷன் தம்பிராஜாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இன்னொரு பிள்ளை உண்டானால் அந்தத் தையல் தாங்காது, உயிருக்கே ஆபத்து என்றார். பிள்ளை வராமலிருக்க ஒரு சின்ன அறுவை போதும், கையெழுத்துப் போடுங்கள் என்றும் கேட்டார். தம்பிராஜா லோரி ஓட்டுகிறவர், நல்ல மனுஷர், பெண்டாட்டி மேல் உயிர். அந்த உயிர்தான் வினையானது. அவளை இன்னொரு தடவை கத்திக்குக் கொடுக்க மாட்டேன் என்று அழுதார். அதனால் மாத்திரைதான் வழி என்று ஆனது. ருக்மணி எங்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை வந்தால் பொன்னம்மா வீட்டுக்கு வாரம் ஒருமுறை போனாள்.

ஒன்றரை வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஜெயாவுக்கு வயிறு வைத்தது.

ஜெயாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவள் புருஷன் நல்லையா ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடையில் வேலையில் இருந்தார். எட்டு மாதமாக ஒரு நாள் விடாமல் மாத்திரை விழுங்கியவள். வயிறு தெரிந்ததும் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். "மிஸ்ஸி மாத்திரைக்குக் கால் முளைச்சிருச்சு" என்று நான்தான் முதலில் கேலி செய்தேன். ஆஸ்பத்திரியில் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை இல்லை, சூலகத்தில் கட்டி, தேங்காய் அளவு, அறுத்து எடுக்க வேண்டும் என்றார்கள். சிரிப்பு அடங்கிவிட்டது. பிள்ளை போக வேண்டிய வழியை மாத்திரை அடைத்துவிட்டது, அடைத்தது எங்கே போகும், கட்டியாகத்தான் நிற்கும் என்று தண்ணீர்க் குழாயடியில் யாரோ சொன்னார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. நானும் ராத்திரி படுத்துக்கொண்டு என் அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தேன்.

ருக்மணி டாக்டர் தேவதாஸிடம் ஓடினாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"இந்த மாத்திரை முட்டை முதிர்றதை நிறுத்துது. அப்படிப் பார்த்தா சில வகைக் கட்டிகள் குறையத்தான் வேணும்" என்றார் அவர். "ஆனா மாத்திரை வந்தே ஏழெட்டு வருஷம்தான் ஆகுது. ஜெயா வயித்துல இருக்கறது எந்த வகைன்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும். அனேகமா மாத்திரை காரணமா இருக்காது. அடிச்சுச் சொல்ல என்னால முடியாது, ருக்மணி."

"ஒரு வார்த்தை, இல்லைன்னு சொல்லிடுங்களேன் டாக்டர்."

"தெரியாததை எப்படிம்மா சொல்றது?"

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மாரியம்மன் கோயில் வாசலில் நல்லையா அவளைப் பிடித்துக்கொண்டார். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. யார் மேலாவது பழி வந்தால் அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. கோழி திருட்டிலிருந்து கள்ளப் புருஷன் வரைக்கும் எங்கள் வழக்குகள் அப்படித்தான் தீர்ந்தன.

நல்லையா வெற்றிலை மேல் கற்பூரத்தை வைத்து ஏற்றினார். "என் பொண்டாட்டி வயித்துக் கட்டிக்கும் உன் மாத்திரைக்கும் சம்பந்தம் இல்லைன்னு அடிச்சு அணை மிஸ்ஸி. நான் கையெடுத்துக் கும்பிட்டுப் போயிடுறேன்."

"டாக்டர் அனேகமா இருக்காதுன்னாரு அண்ணே."

"அனேகமாவா? அம்மன் கிட்ட வந்து அனேகமான்னு சொல்றியா?"

பொன்னம்மா என் பக்கத்தில் இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். அவள் கண் ருக்மணியின் கையிலேயே இருந்தது. ருக்மணி கையைத் தூக்கினாள். கற்பூரம் பாதி எரியும் வரை அப்படியே நின்றாள். பிறகு கையை இறக்கிவிட்டு, "எனக்குத் தெரியாது அண்ணே" என்றாள்.

இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அடித்து அணைத்துத் தொலைத்திருக்கக் கூடாதா? மாரியம்மன் இதைவிடப் பெரிய பொய்களை எல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பவள்தானே. நானாக இருந்தால் அடித்திருப்பேன். ஆனால் நான் மிஸ்ஸியும் இல்லை, அவளைப்போல நேர்மையானவளும் இல்லை. இறங்கிய கையைப் பார்த்து ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மறுநாளே மாத்திரை அட்டைகள் அவள் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தன. நானும் கொண்டுபோய் வைத்தேன், அவள் முகத்தைப் பார்க்காமல். பொன்னம்மாவுடையதைத் தம்பிராஜாவே கொண்டு வந்தார்.

"தம்பி, இவ விஷயம் வேறப்பா" என்று ருக்மணி கெஞ்சினாள். "கட்டி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். பிள்ளை உண்டானா என்ன ஆகும்னு டாக்டரே சொல்லிட்டாரே. மாத்திரை வேண்டாம்னா உறை தர்றேன், நீங்க போட்டுக்குங்க."

ஒரு பெண்பிள்ளை வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதும் அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "நாங்க ஜாக்கிரதையா இருந்துக்குவோம் மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அதற்குப் பிறகு நான்கு முறை அவர்கள் வீட்டுக்குப் போனாள். நான்கு முறையும் கதவு திறக்கவில்லை. உள்ளே பிள்ளைகளின் சத்தம் மட்டும் கேட்டது.

நல்லையா இரண்டு மாதம் நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, வலி தாங்காமல் ஜெயா துடித்த பிறகுதான் அறுவைக்கு ஒப்புக்கொண்டார். கட்டி வெளியே வந்தது. உள்ளே முடியும் ஒரு பல்லும் இருந்தன. இந்த வகைக் கட்டி பிறவியிலேயே உடம்பில் விதை போட்டிருக்கும், இதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை என்றார் டாக்டர் தேவதாஸ்.

"அப்ப மத்த வகைக் கட்டிக்கெல்லாம்?" என்று கேட்டிருக்கிறாள் ருக்மணி, தன் புத்தி போகாமல்.

"அதெல்லாம் இன்னும் சரியா தெரியாதும்மா."

குடையைக்கூட ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, உச்சி வெயிலில் ஓடி வந்தாள். நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பொன்னம்மா வீட்டுக்குப் பின்பக்கமாகப் போனாள். பொன்னம்மா சாக்கடை ஓரமாகக் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை இல்லடி! ஜெயாவுக்கு அது பிறவிக் கட்டியாம்! டாக்டர் அடிச்சுச் சொல்லிட்டாரு!"

பொன்னம்மா வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "நாள் தள்ளிப்போய் மூணு வாரம் ஆச்சுக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் ருக்மணி செய்தாள். தண்ணீர் தூக்கினாள், துணி துவைத்தாள், பொன்னம்மாவைக் குனியவே விடவில்லை. எட்டாம் மாதம் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் படுக்கை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்னால், காலை பத்து மணிக்கு, தையல் விட்டது. வாடகைக் காரில் ஏற்றும்போது பொன்னம்மாவின் தலை ருக்மணியின் மடியில் இருந்தது. போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளையும் தங்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறுநாள் தம்பிராஜா கடைசிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ருக்மணியும் அப்போது அங்கேதான் இருந்தாள். அவர் உட்காரவில்லை.

"மிஸ்ஸி, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அதான் உங்ககிட்ட கேட்கறேன். அன்னிக்கு நான் அந்த மாத்திரையைத் திருப்பிக் கொடுக்காம இருந்திருந்தா, அவ உசிரோட இருந்திருப்பாளா?"

ருக்மணி அவரைப் பார்த்தாள். தோளில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"தெரியாதுப்பா" என்றாள். "அது யாருக்குமே தெரியாது."

அவர் நாலைந்து முறை தலையை ஆட்டிக்கொண்டார். பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பும் வரை ருக்மணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.