போனில் நடந்த ஒத்திகை

2003-ஆம் வருடம். புதுச்சேரியில் ஒரு பெண்கள் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு தேங்காய்த்திட்டில். அப்பாவுக்குப் படகில் வேலை. என் உயிர்த்தோழியின் வீடு சாரத்தில். அவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். ஆண்டு விழாவில் இருவருமாக ஒரு நடனம் ஆடப் பெயர் கொடுத்திருந்தோம்.

அவளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும், அப்படியே பதிந்துவிடும். எனக்கோ பாட்டு ஆரம்பித்ததுமே எல்லாம் மறந்துபோகும். அதனால் ஒவ்வொரு அசைவுக்கும் அவள் ஒரு பெயர் வைத்தாள். ‘கூடையை இறக்கு’, ‘பஸ்ஸை நிறுத்து’, ‘கொசுவை விரட்டு’. அவள் வீட்டு மொட்டைமாடியில் டேப் ரெக்கார்டரை ஓடவிட்டு, அவள் சொல்லச் சொல்ல நான் ஆடுவேன். முடிவுக்குச் சற்று முன்னால், சட்டென்று திரும்பி ஒருவரையொருவர் பார்க்க வேண்டும். அதன் பெயர் ‘என்னைப் பாரு’. எப்போதும் அந்த இடத்தில் சிரித்துக் கெடுத்துவிடுவோம்.

விழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, பிரான்சில் வேலையிலிருந்த அவள் அப்பா டிக்கெட் அனுப்பிவிட்டார். குடும்பமே கிளம்பியது. வழியனுப்பப் போனவள், அழுதுவிடுவேன் என்று பயந்து கையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அவள் இடத்துக்கு வகுப்பிலிருந்து வேறொரு பெண் வந்தாள். நன்றாகவே ஆடினாள். எனக்குத்தான் ஆட்டம் பாதியில் நின்றுபோனது. தோழியின் குரல் இல்லாமல் என் காலுக்கு எதுவுமே ஞாபகம் வரவில்லை. விலகிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

விழாவுக்கு முந்தைய நாள் சாயங்காலம், தெருமுனை எஸ்.டி.டி. பூத் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். எங்கள் வீட்டில் போன் இல்லை, தோழியிடம் அந்த பூத் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன்.

“சீக்கிரம் வா, பிரான்சுலேருந்து உனக்கு போனு!”

ஓடினேன். அவள்தான்.

“நாளைக்குத்தானடி ப்ரோக்ராம்?”

“எல்லாம் மறந்துபோச்சுடி. நான் ஆடலைன்னு சொல்லிடப் போறேன்.”

“ஒதை வாங்குவ. நான் சொல்றேன், நீ ஆடு.”

“இங்கயா? ஜனங்க நிக்கிறாங்கடி!”

“நிக்கட்டும். டிக்கெட்டா வாங்கியிருக்காங்க?”

அவள் பாட்டை முனக ஆரம்பித்தாள். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஆடினேன். வெளியே யாரோ சிரித்தார்கள். பூத் அக்கா மேசையில் தாளம் தட்டினார். கூடை, பஸ், கொசு... எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

“இப்ப என்னைப் பாரு” என்றாள்.

திரும்பினேன். அத்தோடு அவள் குரலும் நின்றுவிட்டது. எதிரே கண்ணாடியில் என் முகம் மட்டும்தான் தெரிந்தது. பிறகு, “மீதிய நீயே ஆடிடுவடி” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் தப்பில்லாமல் ஆடினேன். அந்த இடத்தில் திரும்பியபோது, புதிய பெண் பயந்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தேன், அவளும் சிரித்தாள். கைதட்டல் ஓய்ந்ததும் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

சில மாதம் போன் வந்தது. பிறகு அவர்கள் அங்கே வீடு மாறினார்கள், நாங்களும் உழவர்கரைக்குக் குடிவந்தோம், பூத்தையும் மூடிவிட்டார்கள். அதோடு தொடர்பு விட்டுப்போனது.

வீட்டில் யாரும் இல்லாத பகல்களில் இன்றும் அந்த நடனத்தை ஆடிப் பார்ப்பதுண்டு. ஒரு அசைவுகூட மறக்கவில்லை என்பதில் சந்தோஷம்தான், ஆனால் எந்த ஊரிலோ இருக்கும் அவளுக்கும் அது ஞாபகம் இருக்க வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.