மனைவிக்குச் சொன்ன எண்

பித்தப்பையை எடுத்த மறுநாள், கட்டிலருகே வந்த தாதி கேட்டார். "அங்கிள், வலி எத்தனை? சைபர்லேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"பத்துன்னா எப்படிம்மா இருக்கும்?"

"நீங்க நெனச்சுக்கூடப் பாக்க முடியாத வலி."

நினைத்துப் பார்க்க முடியாததை வைத்து எதை அளப்பது? தேக்கா சந்தையில் மீன்கடை ஈரத்தில் வழுக்கி விழுந்தேனே, அது ஆறா, ஏழா? "அஞ்சரை இருக்குமா?" என்றேன்.

"அரையெல்லாம் இல்ல லா."

அதற்குள் புக்கிட் பாத்தோக் வீட்டிலிருந்து மனைவி கஞ்சியோடு வந்துவிட்டாள். அவளுக்கு ரத்தக் கொதிப்பு. ஐந்து என்று காதில் விழுந்தால் பக்கத்துக் கட்டிலில் அவளைப் படுக்கவைக்க வேண்டியிருக்கும். "ரெண்டு" என்றேன். தாதி எழுதிக்கொண்டார். மனைவி கிளம்பும்வரை வார்டையே சிரிக்கவைத்தேன்.

அவள் போனதும் மணியை அழுத்தினேன். "எட்டு."

"இப்பத்தான ரெண்டுன்னீங்க? சிரிச்சுப் பேசிக்கிட்டு வேற இருந்தீங்க."

"அது மனைவிக்குச் சொன்ன நம்பர்மா."

"அப்ப எனக்குச் சொல்றது எது?"

நியாயமான கேள்விதான். மருந்து தரமாட்டாரோ என்று பயம் வந்தது. வயிற்றுக்குள் கத்தரிக்கோலை விட்டுத் தைத்துவிட்டார்களோ என்று அடுத்த பயம். எட்டில் வலி எவ்வளவு, பயம் எவ்வளவு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

தாதி என் முகத்தையே பார்த்தார். "எங்க, ஒரு தடவ இருமுங்க."

வலி சுண்டியிழுக்க, இருமல் பாதியில் நின்றது. சொல்ல வைத்திருந்த நகைச்சுவையும் அதோடு நின்றுபோனது.

"சரி" என்று போனவர் ஊசியோடு வந்தார். "சிரிக்கிறவங்களுக்கு வலி கம்மின்னு நெனச்சுட்டேன் அங்கிள். இனிமே ஆன்ட்டி இருந்தா வாயால சொல்லாதீங்க. விரலக் காட்டுங்க."

நல்ல ஏற்பாடுதான். ஐந்தைத் தாண்டினால் இரண்டு கை வேண்டும் என்பதை மட்டும் இருவருமே யோசிக்கவில்லை. சாயங்காலம் மனைவி கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தபோது தாதி வந்து கேட்டார். "ஒண்ணுதாம்மா" என்றபடியே ஒரு கையை விரித்து, சொட்டு மருந்து ஏறும் மறு கையின் கட்டைவிரலையும் தூக்கினேன். குழாய் இழுத்ததில் மருந்துப் பை தொங்கிய கம்பி ஆடியது. மனைவி திரும்பினாள்.

"வாய் ஒண்ணுங்குது. கை என்ன சொல்லுது?"

தாதி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"ஆறு" என்றேன். "அதுல ரெண்டு பயம்."

மனைவி கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். "எந்த ரெண்டு?"

அதுதான் தெரியவில்லை.