இலவசப் பூட்டு வேண்டாம் என்றவர்

இணையம் என்று ஒன்று இன்றைக்கு உலகத்தில் நடமாடுகிறதென்றால் அதில் பாதி என் கைங்கரியம். சரி, பாதி என்பது கொஞ்சம் அதிகம். ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்திலும் தொலைபேசி எண்ணை முதலில் தப்பாக அடித்துவிட்டேன். ஆனால் அந்தப் பக்கம் இல்லாவிட்டால், என் தங்கை வீட்டுக்காரர் இந்நேரம் ஒரு கிடங்கு வாசலில் தொப்பி போட்டுக்கொண்டு வருகிற போகிற லாரிக்கெல்லாம் சல்யூட் அடித்துக்கொண்டிருப்பார். இதில் மிகை கிடையாது.

அவர் பூட்டுக்காரர். பூட்டு ரிப்பேர், மாற்றுச் சாவி, சாவியைத் தொலைத்தவர்களுக்குக் கதவைத் திறந்து கொடுப்பது, இதுதான் தொழில். திறப்பதில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். கம்பியை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, காதால் வேலை பார்ப்பார். டக்கென்று திறந்ததும் கதவை மறுபடி சாத்திவிடுவார். சாத்திவிட்டுத் தள்ளி நின்று, "நீங்க திறங்க" என்பார். அடுத்தவர் வீட்டுக் கதவைத் திறந்து முதலில் உள்ளே பார்த்த கண் தன்னுடையதாக இருக்கக் கூடாதாம். மழையில் நனைந்துகொண்டு நிற்கிறவர்களுக்கு இந்த மரியாதை அவ்வளவாகப் பிடிபடுவதில்லை.

கடை தியேட்டருக்கு எதிரில் இருந்தது. ஒருவர் உள்ளே போக வேண்டுமானால் இன்னொருவர் வெளியே வர வேண்டும், அவ்வளவு பெரிய கடை. அதற்குப் பெயர் கிடையாது. "தியேட்டர் எதிர்ல" என்றால் ஊருக்கே தெரியும். பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள். கடை போயிற்று. தியேட்டரும் போயிற்று. லாரி உதிரிபாகக் கிடங்கு ஒன்றின் பின்னால், முட்டுச்சந்தின் கடைசியில் ஓர் அறை பிடித்தார். அங்கே வருவதற்கு வழி கேட்டு அலைவதைவிடப் பூட்டை உடைத்துவிடுவது சுலபம். ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள்.

கிடங்கு முதலாளி தங்கமான மனிதர். "சும்மாதானே உக்காந்திருக்கீங்க? அதையே என் கேட்டுல வந்து உக்காருங்களேன். யூனிஃபார்ம் உண்டு," என்றார். தையற்காரரை அனுப்பி அளவும் எடுத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அளவெடுக்கும்போது இவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, பிடிபட்ட திருடன் மாதிரி நின்றாராம். தங்கை சொன்னாள்.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, யார் வீட்டுப் பூட்டையோ நாள் பூரா பாத்துக்கிட்டே உக்காரணும். தொடக்கூடாது. என்னால முடியுமா?"

"முடியாது தம்பி. ரெண்டாம் நாளே கழட்டி எண்ணெய் போட்டுடுவீங்க."

"அதான். இந்த வெப்சைட்டுங்கிறாங்களே, அது ஒண்ணு வச்சா நம்ம கடை எங்க இருக்குன்னு தெரிஞ்சுடுமா? உங்களுக்கு வைக்கத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. 

முதலில் பெயர். டொமைன் என்கிறார்கள். இதை ஒரேயடியாக வாங்கிப் போட முடியாது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் வேறொருவர் எடுத்துக்கொள்வார். பூட்டு, சாவி, திறப்பு என்று நாங்கள் யோசித்ததெல்லாம் ஏற்கெனவே யாரோ வாங்கி வைத்திருந்தார்கள். கடைசியில் 'தியேட்டர் எதிரில்' என்பதையே ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்துப் பார்த்தேன். கிடைத்தது. தியேட்டரே இல்லாத ஊரில் அந்தப் பெயருக்குப் போட்டி இல்லை.

பெயர் வந்த கையோடு அவர் அட்டை அச்சடித்து நாலு பேருக்குக் கொடுத்துவிட்டார். திறந்து பார்த்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. பெயர்ப்பலகையை மாட்டியிருக்கிறோம், அதன் பின்னால் கடையே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கு இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஹோஸ்டிங். இரவும் பகலும் அணைக்காமல் ஓடுகிற ஒரு கம்ப்யூட்டரில் நமக்கென்று ஒரு மூலை.

"அந்தக் கம்ப்யூட்டர் எந்த ஊர்ல இருக்கு?"

"தெரியாது தம்பி."

"வீட்டுக்காரர் யாரு?"

"பாத்ததில்ல."

"இடத்தைப் போய்ப் பாக்காம யாராவது வாடகைக்கு எடுப்பாங்களா, அக்கா?"

"இப்ப இருக்கிற இடத்தைப் பாத்துட்டுத்தானே எடுத்தீங்க?"

அவர் பணத்தை எடுத்து வைத்தார்.

அந்த மூலையில் வைப்பதற்குப் பக்கம் ஒன்றைத் தயாரித்தேன். என்ன தொழில், எந்த எண், எந்த வழி. கிடங்குச் சுவரைப் பிடித்துக்கொண்டே போனால் கடைசிக் கதவு. அப்படியும் திறக்கவில்லை. பெயரை விற்றது ஒரு கம்பெனி, இடத்தைக் கொடுத்தது வேறு கம்பெனி; இந்தப் பெயர் இந்த இடத்தில் இருக்கிறது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இது எனக்குத் தெரிந்த சமாசாரம். நான் தொலைபேசி நிலையத்தில் விசாரணைப் பிரிவில் இருந்தவள். பெயர் சொன்னால் எண் சொல்வதுதான் என் வேலை. இணையத்திலும் பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்ல சர்வர்கள் இருக்கின்றன. என்னளவுக்கு அதட்டுவதில்லை. பெயர் வாங்கிய கணக்குக்குள் போய் இடத்தின் எண்ணைப் பதிந்தேன். விஷயம் எல்லா இடத்துக்கும் பரவ ஒரு நாள் ஆகலாம் என்று போட்டிருந்தது. என் தங்கையிடம் சொல்லியிருந்தால் அரை மணி.

மறுநாள் பக்கம் திறந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். மேலே முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்று இருந்தது.

பூட்டுக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். "யாரைச் சொல்றாங்க?"

"உங்களைத்தான்," என்றாள் தங்கை.

அவர் எழுந்து போய்த் தன்னிடம் இருந்த பெரிய பித்தளைப் பூட்டைத் துடைத்துப் படமெடுத்து வந்தார். பக்கத்தின் உச்சியில் அதைப் போட்டோம். பூட்டு பளபளவென்று இருந்தது. அதற்கு மேலே 'பாதுகாப்பற்றது' அப்படியே இருந்தது.

ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் செய்தோம். ஒரு பெண் எடுத்தாள். "சான்றிதழ் போடணும் சார். போட்டா அந்த இடத்துல பூட்டு மாதிரி குறி வரும். உங்க கணக்குலயே இருக்கு, ஆன் பண்ணினா போதும். இலவசம்."

"இலவசமா?" என்று கேட்டுவிட்டு, "ரொம்ப நன்றிம்மா, வேண்டாம்" என்று பூட்டுக்காரர் போனை வைத்துவிட்டார்.

"ஏங்க, சும்மாதானே தர்றாங்க?" என்றாள் தங்கை.

"பூட்டை எவன் சும்மா தருவான்? சாவியில ஒண்ணைத் தன்கிட்டயே வச்சிருக்கிறவன்தான் தருவான்."

ஒரு வாரம் போயிற்று. கிடங்குக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர் பக்கத்தைத் திறந்து, எச்சரிக்கையைப் பார்த்ததும் போனையே அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாராம். வேறு யாரும் அவ்வளவு தூரம்கூட வரவில்லை. மாதம் முடியப் போகிறது. "யூனிஃபார்முக்கு பட்டன் தச்சாச்சாம்," என்று தங்கை செய்தி கொண்டுவந்தாள். அதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள்.

அவர் தானாகவே போனை எடுத்தார். அதே பெண்.

"அம்மா, அந்த இலவசப் பூட்டு. அதுக்குச் சாவி யார்கிட்ட இருக்கும்?"

"உங்க தளம் இருக்கிற சர்வர்லயே சார். வெளிய போகாது. சான்றிதழ் குடுக்கிறவங்க கையிலகூட இருக்காது."

"எத்தனை வருஷம் தாங்கும்?"

"வருஷம் இல்ல சார், மூணு மாசம்தான். முடியறதுக்குள்ள திரும்ப இது நீங்கதானான்னு சோதிச்சு, தானா புதுசு மாட்டிக்கும்."

"மறுபடி மூணு மாசம் கழிச்சு?"

"மறுபடியும் சார்."

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "அக்கா, இவங்க நம்மளவிட சந்தேகப் பிராணிங்க." அவர் வாயால் யாரையும் அவ்வளவு உயர்வாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஆன் செய்தோம். கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கை போய்ச் சின்னப் பூட்டு வந்தது. உடனே பக்கத்தை மூடினார். போனைத் தங்கையிடம் நீட்டித் தள்ளி நின்று, "நீ திற" என்றார். 

மாதக் கடைசிக்குள் அழைப்பு வந்தது. ஊரின் பெரிய வங்கி. மேலாளர் வாசலில் நிற்கிறார், பின்னால் ஊழியர்கள், அவர்களுக்குப் பின்னால் தெருமுனை வரை வாடிக்கையாளர்கள், கதவு திறக்கவில்லை. நம்மவர் போய்க் கண்ணை மூடிக் காதை வைத்தார். டக். மேலாளர் கண்ணீர் விட்டார். எல்லாக் கிளைகளின் பூட்டையும் இவர் கையிலேயே ஒப்படைத்தார். கிடங்கு முதலாளிக்கு 'மாட்டேன்' என்று பதில் போயிற்று. தைத்த காக்கிச் சட்டையை வேறு யாருக்கும் போட முடியாதென்று அவரே அனுப்பிவைத்தார். பூட்டுக்காரர் அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது வேலை செய்கிறார், தொப்பியில் திருகாணிகள்.

இதுவரை எழுதியதைத் தங்கை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"அக்கா, பேங்கும் இல்ல, மேனேஜரும் இல்ல. ஒரு பல் டாக்டரம்மா, தன் வீட்டு பாத்ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டு, உள்ளேர்ந்து போன் பண்ணினாங்க. இவரு போய்த் திறந்தாரு. திறந்துட்டு சும்மா இருந்தாரா? மறுபடி சாத்திட்டு 'நீங்க திறங்க'ன்னாரு. அது திரும்பப் பூட்டிக்கிச்சு. அதுல பயந்துபோய்த்தான் அந்த அம்மா வீட்ல இருக்கிற அத்தனை பூட்டையும், ஆஸ்பத்திரிப் பூட்டையும் சேர்த்து மாத்தச் சொன்னாங்க. அந்த வேலைதான் கடையைக் காப்பாத்துச்சு. உன் ஒரு பக்கம் இல்ல."