பொய் சொல்லாத டாக்டர்

டாக்டரை நினைத்தால் லண்டன் எட்மண்டனில் நடந்த ஒரு செத்தவீடுதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். தகப்பனைப் பறிகொடுத்த மகன் வாசலில் கைகட்டி நிற்கிறான். டாக்டர் அவன் தோளில் ஒரு கையை வைத்தபடியே, மறுபக்கம் நின்ற மனிதரிடம் மெதுவாகக் கேட்டார். "உந்த எலக்ட்ரீசியன் ஊரிலை எவடம்?" கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எனக்குத் தெரியாது, அதுதான் கேட்டனான்." நான் தேநீர்த் தட்டோடு பின்னால் நின்றேன். என்னைக் கண்டாரோ தெரியாது. கண்டிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

எலக்ட்ரீசியன் என்றது என் அத்தானை, அக்காவின் கணவரை. நான் அவர்களோடுதான் இருக்கிறேன். நெடுங்காலம் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். எங்கள் வட்டாரத்துக் கவுன்சிலர் தேர்தலில் கட்சி யாரை நிறுத்துவது என்று உறுப்பினர்கள் தெரிவு செய்யும் போட்டியில் அவரும் டாக்டரும் எதிரெதிர் நின்றார்கள். இருவருக்கும் கட்சி ஒன்று, கொள்கை ஒன்று, துண்டுப்பிரசுரத்தில் பல்லைக் காட்டிய விதம்கூட ஒன்று. வித்தியாசம் காட்டச் சேற்றைத் தவிர வேறென்ன இருந்தது?

'ஊரிலை எவடம்' என்பது வெள்ளைக்காரருக்கு முகவரி கேட்பதுபோல இருக்கும். எங்கள் ஆட்களுக்கு அது சாதி கேட்பது. ஊரும் தெரு ஒழுங்கையும் தெரிந்தால் மிச்சத்தை அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். டாக்டர் அத்தானைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லவில்லை. பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் கேட்டார், வெஸ்ட் ஈலிங் கோயிலில் அர்ச்சனைக்கு நின்ற வரிசையில் கேட்டார். நெற்றியில் விபூதியோடு இப்படியொரு வேலை பார்க்க எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று நான் யோசித்திருக்கிறேன்.

அத்தானும் லேசுப்பட்டவர் இல்லை. "டாக்டருக்கு வோட்டுப் போட்டால் உங்கடை சீனி வருத்தம் விடியமுன்னம் ஊரெல்லாம் தெரிஞ்சிடும்" என்று கடைகடையாய்ச் சொல்லிச் சிரித்தார். நானறிய டாக்டர், நீரிழிவோ வேறெதுவோ, எந்த நோயாளியின் கதையையும் வெளியில் விட்டதில்லை. அத்தானுக்கும் அது நன்றாகத் தெரியும்.

அக்காவின் மகளுக்கு அப்போது கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு கோலியர்ஸ் வுட்டில். மண்டபம் பிடித்து, கூறைச்சேலையும் எடுத்தாயிற்று. ஒரு நாள் மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் அக்காவிடம், "சாதகத்தைத் திரும்பப் பாத்தம் தங்கச்சி, செவ்வாய் கொஞ்சம் உதைக்குதாம்" என்றா. பொருத்தம் பார்த்த பிறகு செவ்வாய் எழும்பி இடம் மாறியதாம். டாக்டரின் கேள்வி அந்த வீட்டு வாசலையும் தட்டிவிட்டது என்று எங்களுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. கலியாணம் நின்றும் பிள்ளை எங்களுக்கு முன் அழவில்லை. அடுத்த நாள் வழமைபோல மருந்தகத்துக்கு ஷிப்ட்டுக்குப் போனாள். "என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையிலை மண்ணள்ளிப் போட்டிட்டான்" என்று அத்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

கட்சித் தெரிவில் டாக்டர் வென்றார். ஆனால் கவுன்சில் தேர்தல் வந்ததும் எதிர்க்கட்சிக்காரர் அத்தான் கட்டிவிட்ட அந்தச் சீனி வருத்தக் கதையைத் தூக்கி வீடுவீடாகப் பரப்ப, டாக்டரும் மண் கவ்வினார். எனக்கு ஒரு துளி இரக்கமும் வரவில்லை.

போன மாதம், கட்சித் தெரிவு மறுபடி வந்தபோது, டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இனிப்புப் பெட்டியோடு வந்து சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். தனக்கு வயது போய்விட்டதாம், இந்த முறை தன் ஆட்களின் வோட்டெல்லாம் அத்தானுக்குத்தானாம். எதிரில் நிற்பவள் கட்சிக்குப் புதிதாக வந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, தமிழச்சி இல்லை. "அந்தப் பிள்ளையின்ரை புருஷன் எங்கையாம்? எனக்குத் தெரியாது, அதுதான் கேக்கிறன்" என்றார் டாக்டர். அத்தான் தொடையில் தட்டிச் சிரித்தார். இத்தனை வருடம் இந்த அத்தானுக்காகவா நான் பரிந்து பேசினேன் என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து அக்காவின் மகள் ஷிப்ட் முடிந்து வந்தாள். டாக்டரைக் கண்டதும் கோட்டைக் கழற்றாமல் நின்றாள்.

"பழசை விடு பிள்ளை, அரசியலிலை உதெல்லாம் வழமைதானே" என்றார் அத்தான். "டாக்டர் மாமாவுக்கு ஒரு தேத்தண்ணி போடு."

அவள் தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். குரல் உயரவில்லை.

"அப்பா, அம்மாவையும் சித்தியையும் என்னையும் பார்ட்டியிலை மெம்பராச் சேர்த்தது நீங்கள்தானே?"

"ஓம். அதுக்கென்ன?"

"என்ரை வோட் அந்த டீச்சருக்கு."

அத்தான் என்னைப் பார்த்தார். "என்ரையும்தான் அத்தான்" என்றேன். குசினியில் கேத்தில் கொதிக்கத் தொடங்கியிருந்தது. அக்கா அதை நிறுத்திவிட்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.