அம்மா மூக்கில் இருந்த ஈர்க்குச்சி

உங்கள் அம்மாவுக்கு இடது மூக்கில் மூக்குத்தி இருக்கிறது, வலது மூக்கில் ஒரு தழும்பு இருக்கிறது. அம்மை போட்ட தழும்பா என்று சின்னவள் கேட்டாள். இல்லை பாப்பா, அது கம்பெனி போட்ட தழும்பு. நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

கல்யாணமான புதிதில் மண்ணூரில் வாடகை ரூமில் இருந்தோம். அம்மாவுக்கு செல்போன் கம்பெனியில் லைன் வேலை. வல்லக்கோட்டை கோயிலுக்குப் போன அன்று, ரொம்ப நாள் ஆசை என்று மூக்கு குத்திக்கொண்டாள். புண் ஆறும்வரை கழற்றாதே, ஓட்டை தூர்ந்துவிடும், தினமும் உப்பு போட்ட வெந்நீரில் பஞ்சை நனைத்து ஒற்று என்று ஆசாரி சொன்னார். ஒற்றுகிற வேலை என்னுடையது.

லைனுக்குள் மெட்டல் கூடாது. மற்ற பெண்கள் மூக்குத்தியைக் கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள். அம்மாவுக்குப் புதுப் புண். பிளாஸ்டர் ஒட்டிக்கொள் என்றார் சூப்பர்வைசர். ஷிப்ட் முழுக்க பிளாஸ்டர், அதற்கு மேல் மாஸ்க். காற்றே படாத புண் எங்கே ஆறும்? சீழ் வைத்துவிட்டது. அதைப் பார்த்ததும், பிளாஸ்டரும் கூடாது, கழற்றிவிட்டு வா என்றார்கள்.

காது குத்தினால் ஓட்டை தூராமல் இருக்கக் குச்சி சொருகுவோம் இல்லையா? புதுத் துடைப்பத்தில் ஓர் ஈர்க்கை உருவி, வழவழப்பாகச் சீவி, கொதிக்க வைத்து, தேங்காய் எண்ணெய் தடவி அம்மா மூக்கில் சொருகி அனுப்பினேன். கேட்டில் மெஷின் கத்தவில்லை. லைனில் மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கியபோது சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

“மூக்குல இன்னாம்மா அது?”

“துடப்பக் குச்சி சார். மெட்டல் இல்ல.”

“லைன்ல வேல செய்ய வந்தியா, பெருக்க வந்தியா? எடுத்துப் போடு.”

பக்கத்தில் சிலர் சிரித்தார்களாம். புண் ஆறுகிறவரைக்கும் விடுங்கள் சார் என்று அம்மா கேட்டிருக்கிறாள். குச்சி வேண்டுமென்றால் வீட்டுக்குப் போ என்றிருக்கிறார். வேலை போய்விடும் என்று பயந்து எடுத்துக் குப்பையில் போட்டாள். சொன்னவர் விரலில் பெரிய ராசிக்கல் மோதிரம். அவர் லைனைச் சுற்றித் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்கிறவராம், அதனால் மோதிரம் மெட்டல் கணக்கில் வராதாம். இது என்ன நியாயம்?

அம்மா பஸ் இறங்கி வந்தபோது வீக்கத்தில் ஓட்டை மூடிக்கொண்டிருந்தது. எண்ணெய் தடவி, புதுக் குச்சியை மெதுவாக வைத்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர குச்சி இறங்கவில்லை.

“விடுங்க, மூக்குதானே” என்றாள்.

மூக்குதானே என்று அவளையே சொல்ல வைத்தார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

பெரியவள் வயிற்றில் இருந்தபோது வேலையை விட்டாள். பாப்பா, நீ பிறந்து, உனக்குக் காது குத்திய அன்றுதான் இடது பக்கம் குத்திக்கொண்டாள். ஆறும்வரை நான் யாரையும் கிட்டே விடவில்லை. இப்போதும் வெள்ளிக்கிழமை பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மூக்குத்தியை ஊறப்போட்டு, பழைய பிரஷ்ஷால் திருகு இடுக்கெல்லாம் தேய்க்கிறேனே, அது இதனால்தான்.

பெரியவளே, மூக்கு குத்த வேண்டும் என்கிறாய். குத்திக்கொள். வேலைக்குப் போகிற இடத்தில் எவனாவது எடு என்றால், முதலில் அவன் விரலைப் பார்.