முப்பத்தேழு புள்ளிகள்

அண்ணனுக்கு மறதி நோய் என்று பொன்னேரி மருத்துவர் சொல்லி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதற்குள் மூத்த மகளின் பெயர் அவருக்குப் போய்விட்டது. சாப்பிட்டதும் மறந்துபோகும். கடற்கரைக்குப் போகும் வழி மட்டும் தவறவில்லை. தினமும் காலையில் போய், படகு தள்ளுகிறவர்களிடம் தன் பார் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு நிற்பார்.

கடலடியில் பாறை மேடாக இருக்கும் இடத்தைப் பார் என்போம். சுற்றிலும் சேறு, அங்கு மட்டும் களவா, சங்கரா மீன்கள் அண்டியிருக்கும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். கண்டுபிடித்தவர் இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார். எங்கள் குப்பத்தில் பெண் கொடுப்பார்கள், பார் கொடுக்க மாட்டார்கள்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். அன்று அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது.

"டேய், அந்தப் பொட்டியில போட்டு வெச்சியே, அத எடுடா. ஒரு தபா போய் பாத்துட்டு வந்துடறேன்."

பெட்டி என்றது என் பழைய கணினியை. பல ஆண்டுகளுக்கு முன் அண்ணனிடம் கையடக்க ஜி.பி.எஸ். ஒன்று இருந்தது. அதில் இருந்த இடங்களைக் கணினியில் சேமித்து வைக்க ஒரு மென்பொருள் வாங்கினேன். கருவியை இணைக்க அவர் விடவில்லை. "கம்பி போட்டா உள்ள இருக்கறது அழிஞ்சிடும்" என்றார். அவர் எண்களைப் படித்தார், நான் தட்டினேன். காகிதத்தில் எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தபோது கருவி கடலோடு போயிற்று. அதன் பிறகு அவர் நினைவை வைத்தே போய்வந்தார். இப்போது அதுவும் இல்லை.

அண்ணன் மகன்தான் இப்போது படகை ஓட்டுகிறான். "நைனாவ நான் கூட்டினு போறேன் சித்தப்பா. நீ இடத்த எடுத்துக் குடு. சீக்கிரம் எடு. கொஞ்ச நாள் போனா பார்னா இன்னான்னே அதுக்குத் தெரியாது" என்றான்.

பழைய கணினி உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கிடந்தது. ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி, நான் வேலை பார்க்கும் மீஞ்சூரில் ஒரு கடையில் கொடுத்தேன். கோப்பு தப்பியிருந்தது. ஆனால் அதை அந்தப் பழைய மென்பொருள் மட்டுமே திறக்கும். என் புது லேப்டாப்போ அந்த மென்பொருளை ஏற்கவில்லை. 'இந்தக் கணினியில் இது இயங்காது' என்று ஒரே வரி. பழைய பதிப்புபோல இயக்கும் வசதியைப் போட்டுப் பார்த்தேன்; அதே வரி. தேதியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். பயனில்லை. ஒவ்வொரு முயற்சியையும் வரிசை எண் போட்டு டைரியில் குறித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின.

அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "கடல்ல கெடக்கறத பொட்டியில தேடறாரு பாரு இந்த மனுஷன்" என்று சிரித்தார்.

நான்காவது ஞாயிறு, புது லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பழைய கணினி இருப்பதுபோல நடிக்கவைக்கும் மென்பொருளை இறக்கினேன். அதற்குள் பழைய இயங்குதளத்தையும், அதன்மேல் அந்தப் பழைய மென்பொருளையும் நிறுவினேன். இரண்டின் குறுந்தகடுகளையும் ரசீதோடு உறையில் போட்டு நான் பத்திரமாக வைத்திருந்தேன். பதினேழாவது முயற்சி. நீலத் திரையில் ஒவ்வொன்றாகப் புள்ளிகள் வந்தன. எண்ணினேன். முப்பத்தேழு. ஒன்றும் குறையவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த நாளே போனோம். நான் வேலைக்கு விடுப்புப் போட்டேன். எண்களைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு அண்ணன் மகன் படகை ஓட்டினான். முதல் புள்ளியில் எஞ்சினை நிறுத்தினான். அண்ணன் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினார். அந்தக் கைக்கு மறதி இல்லை. பாரில் குண்டு தட்டும், சேற்றில் அமுங்கும். அவர் கயிற்றைத் தூக்கித் தூக்கி இறக்கினார்.

"சேறுடா" என்றார்.

இரண்டாவது புள்ளியிலும் சேறு. மூன்றாவதிலும் சேறு. ஆறு இடம் பார்த்தோம். சுற்றிச் சுற்றியும் பார்த்தோம். அண்ணன் கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

"எவனோ என் பார எடுத்துனு பூட்டான்" என்றார் மெதுவாக.

தப்பு என்னுடையதுதான் என்று நினைத்தேன். ஏதோ ஓர் எண்ணைத் தவறாகத் தட்டியிருக்க வேண்டும், அல்லது பழையதைப் புதியதில் திறந்தபோது கணக்கு மாறியிருக்க வேண்டும். கரை ஏறியதும் மணலிலேயே லேப்டாப்பைத் திறந்து சரிபார்த்தேன். அந்த முப்பத்தேழில் முகத்துவாரம் ஒன்று, எங்கள் கோயில் ஒன்று. இரண்டும் மிகச் சரியான இடத்தில் இருந்தன. மென்பொருள் ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னை உற்றுப் பார்த்தார். அவர் கண்ணில் நான் இல்லை.

"இன்னா சார், வெளியூரா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

"எல்லாரும் என் பாரத்தான் தேடறானுங்க." குரலைத் தாழ்த்தினார். "என் தம்பி ஒருத்தன் இருக்கான், பெரிய படிப்பு. பொட்டியில போட்டுத் தரேன்னு எண்ணக் கேட்டான். அவனுக்கே மாத்தித்தான் சொன்னேன். ஒவ்வொரு பாருக்கும் ஒரு மாதிரி." தொடையைத் தட்டிச் சிரித்தார்.

லேப்டாப்பை மூடிவிட்டு, "எவ்ளோ மாத்துனீங்க?" என்று கேட்டேன்.

"அத உனுக்கு சொல்வேனா? நல்ல ஆளுய்யா நீ."

சொல்ல மறுத்தாரா, மறந்துபோய்ச் சமாளித்தாரா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து எண்கள் ஏற்றிய அன்றைய டைரியை எடுத்தேன். என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "மழை. அண்ணன் படிக்க, 37 இடங்களையும் ஏற்றினேன். ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தோம். கருவியை உள்ளங்கையால் மறைத்துப் பிடித்திருந்தார், வெளிச்சம் கூசுகிறதாம்." மழை நாளில், வீட்டுக்குள் என்ன வெளிச்சம் கூசும்? எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். ஒன்றையும் பார்க்கவில்லை.

அண்ணியிடமும் அண்ணன் மகனிடமும் எண்கள் கெட்டுவிட்டன என்று மட்டும் சொன்னேன்.

இப்போது அண்ணன் கடற்கரைக்குப் போவதில்லை. நான் வீட்டில் இருக்கும் காலைகளில் பெட்டியைக் கேட்பார். திறந்து கொடுப்பேன். புள்ளிகள்மேல் விரலை வைத்து நகர்த்தி நகர்த்தி, தனக்குள் ஏதோ முணுமுணுப்பார். நான் கிட்டே போனால் உள்ளங்கையை விரித்துத் திரையை மூடிக்கொள்வார். அவர் கையை எடுக்கும்வரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.